பார்வை குறைந்தவர் தன் கையாலேயே வாழ: அல்சூர் வீட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

அத்தையின் பார்வை குறைந்த முதல் எட்டு மாதம் நாங்கள் அவரைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டோம். காபி கைக்கு வந்தது. தட்டில் சோறு பிசைந்தே வந்தது. கதவு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப் போனோம். நாற்பது வருடம் ஒரு வீட்டையே சமைத்துப் போட்டவரை அடுப்படிப் பக்கம் விடவில்லை, சூடு பட்டுவிடுமே என்ற பயம்தான். எட்டாவது மாத முடிவில், தண்ணீர் குடிக்கக்கூட யாராவது வரட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் அவ்வளவு கெடவில்லை. நாங்கள்தான் கெடுத்திருந்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. ஆனாலும் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

முதலில், என்ன தெரிகிறது என்று கேளுங்கள்

"தெரியுதா, தெரியலையா?" என்பது தவறான கேள்வி. பார்வை இழப்பு என்றாலே முழு இருட்டு என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஏதோ கொஞ்சம் மீதம் இருக்கும். அது எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம்.

அத்தைக்கு வந்தது கிளாக்கோமா, கண் நீர் அழுத்தம். அதில் பக்கப் பார்வை முதலில் போகும். கடைசியில் ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பது போல நடுவில் சிறு வட்டம் மட்டும் நிற்கும். அதனால் அத்தை நாளிதழின் தலைப்பைப் படிப்பார், ஆனால் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் என்னிடமே கேட்டார்: "பேப்பர் படிக்கிறாங்களே, அப்புறம் எதுக்குக் குச்சி?" அத்தையின் காதில் அது விழுந்தது. அந்த வாரம் முழுக்க அவர் வெளியே வரவில்லை.

வயதானதால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்கு நேர் எதிர். முகம் தெரியாது, எழுத்து தெரியாது, ஆனால் பக்கவாட்டில் தெரிவதால் வீட்டில் சரளமாக நடப்பார்கள். சர்க்கரை நோயால் பாதிக்கப்பட்ட கண்ணில் பார்வை நாளுக்கு நாள் கூடலாம், குறையலாம். ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் இரவுப் பார்வை போகும். பகலில் தானாக நடக்கும் பையன் சாயங்காலம் தடுமாறுவான்.

எங்களுக்குப் பார்த்த மருத்துவமனையில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், "போனது திரும்பி வராது" என்றார்கள், அவ்வளவுதான். இதற்குப் பிறகு எப்படி வாழ்வது என்று யாரும் சொல்லவில்லை. எனவே நீங்களாகவே இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, லோ விஷன் கிளினிக் எங்கே இருக்கிறது. மீதமுள்ள பார்வையை அளந்து, உருப்பெருக்கி, சரியான விளக்கு, கூச்சம் குறைக்கும் கண்ணாடி என்று சொல்லித்தருவது அவர்கள் வேலை. இரண்டு, மறுவாழ்வுப் பயிற்சி எங்கே கிடைக்கும். நகரின் பழைய அரசு கண் மருத்துவமனை சாமராஜ்பேட்டை மின்டோ, 1896-ல் தொடங்கியது. அங்கிருந்தும் விசாரிக்க ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. கிளாக்கோமா குடும்பத்தில் வரக்கூடியது. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் வலி இல்லை என்றாலும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அத்தையின் தம்பியான என் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூட்டிப் போனோம்.

சொல்லும் விதம், பிடிக்கும் விதம்

காசே செலவாகாத படி இது. பலன் அதிகமும் இதில்தான்.

அறைக்குள் வந்ததும் பெயரைச் சொல்லுங்கள். "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று விளையாட வேண்டாம். கிளம்பும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அவர் காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பார். "இங்க", "அங்க", "அதோ" என்ற மூன்று சொற்களை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். "உங்க வலது கைக்கு ஒரு சாண் தூரத்துல டம்ளர் இருக்கு" என்பதுதான் தகவல். பார்வை பற்றிய சொற்களைத் தவிர்க்கத் தேவையில்லை. "டிவி பார்த்தீங்களா அத்தை?" என்று தாராளமாகக் கேட்கலாம், அவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

தட்டில் எது எங்கே என்று சொல்லக் கடிகார முறையைக் கற்றுத்தருவார்கள்: பன்னிரண்டு மணியில் பொரியல், மூன்று மணியில் அப்பளம். அத்தைக்கு அது ஒட்டவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நுனி இடது பக்கம், உப்பும் ஊறுகாயும் இடது மேல் மூலை, கூட்டு பொரியல் மேல்பாதி, சோறு கீழ்ப்பாதி. இலையில் பரிமாறும் முறையே ஒரு வரைபடம். அன்று யார் உதவியும் இல்லாமல் பாயசம் வரைக்கும் சாப்பிட்டார். அதிலிருந்து வீட்டுத் தட்டிலும் இலை வரிசைதான்.

கூட்டிப்போகும் முறை இது: நீங்கள் அவர் கையைப் பிடிக்கக் கூடாது, அவர் உங்கள் கையைப் பிடிக்க வேண்டும். உங்கள் புறங்கையால் அவர் கையை லேசாகத் தொடுங்கள். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அந்தப் பிடி வழியாகவே அவருக்குத் தெரியும். குறுகலான இடத்தில் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள், அவர் நேர் பின்னால் வந்துவிடுவார். படிக்கட்டில் முதல் படி முன்னால் ஒரு கணம் நின்று "ஏறுது" அல்லது "இறங்குது" என்று சொல்லுங்கள், முடிந்ததும் "கடைசிப் படி" என்று சொல்லுங்கள். உட்கார வைக்கத் தோளை அழுத்த வேண்டாம். அவர் கையை நாற்காலி முதுகில் வைத்தால் போதும், மிச்சத்தை அவரே செய்வார். ஆட்டோவில் ஏறும்போது ஒரு கையை மேல் கம்பியிலும் இன்னொன்றை சீட்டிலும் வைத்துக் காட்டுங்கள்.

தெருவில் முன்பின் தெரியாதவர்கள் நல்ல மனதோடு கையைப் பிடித்து இழுப்பார்கள். பின்னாலிருந்து தள்ளுவது அதைவிட மோசம், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் உடம்பு முதலில் போகும். அத்தையை ஒருமுறை, அவர் கடக்கவே நினைக்காத சாலையைக் கடக்க வைத்துவிட்டார்கள். "உதவி வேணுமாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

வீடு

வீட்டில் ஒரே சட்டம்: எடுத்ததை எடுத்த இடத்தில் வை. இது பார்வை உள்ளவர்களுக்கான சட்டம். கத்தரிக்கோலை நீங்கள் ஒரு நாள் வேறு டிராயரில் போட்டால் அவருக்கு அது தொலைந்துவிட்டது என்றே அர்த்தம்.

கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும், இல்லை முழுதாக மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்புதான் நெற்றியைப் பதம் பார்க்கும். அலமாரிக் கதவு, மேல்ஷெல்ஃப் கதவு எல்லாம் அப்படித்தான். எங்களைப் போல நெருக்கமான காம்பவுண்டில் இருப்பவர்கள் வாசலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நடைபாதையில் நிறுத்திய பைக், தண்ணீர் வரும் நாளில் நகரும் டிரம், திறந்த சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி, குவிந்த செருப்பு. சம்ப் விஷயத்தில் சமாதானமே கிடையாது. திறந்தால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். கீழ்வீட்டாரிடம் நாங்கள் இதை நேரில் போய்க் கேட்டோம். ஒத்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் பார்வை மீதமிருந்தால் நிற வேறுபாடு பெரிய உதவி. சிவப்பு ஆக்சைடு படிகளின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் டேப் ஒட்டினோம். எவர்சில்வர் தட்டு பளபளத்துக் கண்ணைக் கூச வைக்கும், அதில் வெள்ளை இட்லி காணாமலே போய்விடும். கறுப்பு அல்லது கருநீலத் தட்டில் அதே இட்லி தெரியும். வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டைச் சுற்றி அடர்நிற டேப் ஒரு சட்டம் போல. விளக்கு அவர் முகத்துக்கு நேராக இல்லாமல் தோளுக்குப் பின்னால் இருந்து வரட்டும். ஈரத் தரை, மடங்கும் கால்மிதி, தரையில் ஓடும் சார்ஜர் வயர், இவை மூன்றையும் இன்றே எடுங்கள்.

அடுப்படி

இதைத்தான் எல்லோரும் பிடுங்கிக்கொள்கிறோம். முதலில் திருப்பித் தர வேண்டியதும் இதையே. பயந்தால் சிறியதில் ஆரம்பியுங்கள். அடுப்பில்லாத வேலை: மோர் கலக்குவது, பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, வெங்காயம் நறுக்குவது. நறுக்கும்போது பிடிக்கும் கையின் விரல்நுனிகளை உள்ளே மடக்கி, விரல் கணுவைக் கத்தியின் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். கத்தி எப்போதும் பலகைக்கு மேல்புறம், முனை அந்தப்பக்கம் பார்த்தபடி. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கத்தியைப் போடவே கூடாது.

அடுப்பு விஷயத்தில் மூன்று பழக்கங்கள் போதும். ஒன்று, பாத்திரத்தை வைத்து, அது பர்னரின் நடுவில் இருக்கிறதா என்று நீளக் கரண்டியால் தடவிப் பார்த்து, பிறகு பற்றவைப்பது. இதற்கு ஆட்டோ இக்னிஷன் அடுப்பு வசதி, லைட்டரோடு தீயைத் தேட வேண்டியதில்லை. இரண்டு, முதலில் அணைத்துவிட்டு, பிறகு பாத்திரத்தை இறக்குவது. மூன்று, புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்வது அல்லது பருத்தி நைட்டி போடுவது. திருகியில் சிம், முழு எரிப்பு ஆகிய இடங்களில் பொட்டு போலப் புடைத்த ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இன்டக்‌ஷன் வாங்குவதாக இருந்தால் கண்ணாடித் தொடுபலகை வேண்டாம், அழுத்தும் பட்டனோ திருகியோ உள்ளதைத் தேடுங்கள். மைக்ரோவேவும் வாஷிங் மெஷினும் அப்படியே.

மற்றபடி, நம் சமையலில் பாதி காதாலும் மூக்காலும்தான் நடக்கிறது. கடுகு வெடிப்பது கேட்கும், அடங்கியதும் உளுந்தம்பருப்பு. வெங்காயத்தின் பச்சை வாசனை மாறுவது மூக்குக்குத் தெரியும். தோசை மாவு கல்லில் விழுந்ததும் வரும் 'சொய்ங்' சத்தம் மெல்லக் குறையும். அடங்கியதும் திருப்பியின் ஓரத்தால் தட்டினால் மொறுமொறுப்பு கைக்குத் தெரியும். குக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது விசில் அடித்தே எண்ணிக்கை சொல்கிறது. அத்தை முதல் முறையாகத் திரும்ப ரசம் வைத்த நாளில் நான் பின்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். நுரை கட்டும்போது சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. அவர் அதற்கு முன்பே அணைத்துவிட்டார். "எப்படித் தெரிஞ்சுது அத்தை?" என்றேன். "கொதிக்கப் போறதுக்கு முன்னாடி சத்தம் மாறும் கண்ணு, நீ எப்பவாவது கேட்டிருக்கியா?" என்றார். நான் கேட்டதே இல்லை.

டம்ளரில் ஊற்ற: ஆறிய பானத்துக்கு விரல்நுனியை விளிம்புக்குள் வைத்துக்கொள்ளலாம். சூடானதற்கு, விளிம்பில் மாட்டிவைக்கும் சிறு கருவி இருக்கிறது, திரவம் தொட்டதும் பீப் அடிக்கும். ஊற்றும் பாத்திரத்தின் மூக்கு டம்ளர் விளிம்பைத் தொட்டபடி இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரு தட்டுக்குள் வைத்துச் செய்தால் சிந்தியது தட்டோடு போகும்.

டப்பாக்களுக்கு விலை கொடுத்து லேபிள் வாங்க வேண்டியதில்லை. துவரம்பருப்புக்கு ஒரு ரப்பர் பேண்ட், கடலைப்பருப்புக்கு இரண்டு, உளுந்துக்கு மூன்று. உப்பு வாய் அகன்ற ஜாடியில், சர்க்கரை திருகு மூடியில். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெவ்வேறு வடிவ டப்பாவில். பிரெயில் தெரிந்தால் பிரெயில் லேபிள். தமிழுக்கும் அதே ஆறு புள்ளிகள்தான், பாரதி பிரெயில் என்று பெயர்.

சூடு படும். எங்கள் எல்லோருக்கும் பட்டிருக்கிறது, அத்தைக்கும் இரண்டு முறை பட்டது. அதற்காக அடுப்படியைத் திரும்பப் பூட்டாதீர்கள்.

மருந்தும் பணமும்

சொட்டு மருந்து பாட்டில்களைப் பிரிக்கவும் ரப்பர் பேண்ட்தான். காலை மட்டும் போடுவதற்கு ஒன்று, இருவேளை போடுவதற்கு இரண்டு. இரண்டு மருந்துகளுக்கு நடுவே குறைந்தது ஐந்து நிமிடம், இல்லையென்றால் பின்னது முன்னதைக் கழுவிவிடும். போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால், மருந்தாளுநர் அப்படி வைக்கலாம் என்றால் மட்டும், சொட்டு கண்ணில் விழுந்தது குளிர்ச்சியால் தெரியும். மாத்திரைக்கு வார டப்பா.

பணம். இப்போதைய நோட்டுகளில் 100-ல் முக்கோணம், 200-ல் எச் வடிவம், 500-ல் வட்டம் என்று புடைப்புக் குறி இருக்கிறது. ஓரங்களில் சாய்ந்த கோடுகள் 100-க்கும் 200-க்கும் நான்கு, 500-க்கு ஐந்து. 200-ல் கோடுகளுக்கு நடுவே இரண்டு சிறு வட்டங்களும் உண்டு. புது நோட்டில் விரலுக்குத் தெரியும், கசங்கிய நோட்டில் தேய்ந்துவிடும். நீளத்தை நம்பலாமா என்றால் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் கடைக்காரர் அவசரப்படுத்தும்போது கைக்குச் சிக்காது. அதனால் அத்தை வீட்டிலேயே மடித்து வைத்துக்கொள்கிறார்: 100 மடிக்காமல், 200 குறுக்கே பாதி, 500 நீளவாக்கில். மீதி வாங்கும்போது ஒவ்வொரு நோட்டையும் சொல்லிக்கொடுக்கச் சொல்வார். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட மணி என்ற செயலி கேமரா முன் காட்டிய நோட்டின் மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது.

வங்கியில் "கூட ஒருத்தரைச் சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்டா மாத்துங்க, ஏடிஎம் கார்டு வேண்டாம்" என்று எங்களுக்கும் சொன்னார்கள். அது தவறு. செக் புத்தகம், ஏடிஎம், இணைய வங்கி, லாக்கர் எதையும் பார்வையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மேலாளரிடம் அதை அமைதியாகச் சொல்லுங்கள், எழுத்தில் கேளுங்கள். அப்புறம் குடும்பத்தினருக்கு: அவருடைய பின் நம்பரை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். வேகமாக இருக்கும் என்பது ஒரு காரணமே இல்லை.

போன்

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் போனுக்குள்ளேயே இருக்கின்றன, தனியாக வாங்க வேண்டாம். டாக்பேக் ஓடும்போது போன் நடந்துகொள்ளும் விதம் மாறும். ஒரு விரலால் தொட்டால் என்ன இருக்கிறது என்று வாசிக்கும், வலது பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும், இருமுறை தட்டினால் திறக்கும், இரண்டு விரலால் நகர்த்தினால் பக்கம் நகரும். பார்வை உள்ளவருக்கு முதல் நாள் எரிச்சலாக இருக்கும். அதனால்தான் கற்றுத்தருபவர் முதலில் தன் போனில் போட்டு, திரையைப் பார்க்காமல் இரண்டு நாள் பழக வேண்டும். நான் அப்படிச் செய்த பிறகுதான் அத்தைக்குச் சொல்லித்தர முடிந்தது.

ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். முதல் வாரம் அழைப்பை எடுப்பது, வைப்பது. அடுத்த வாரம் பெயர் சொல்லி அழைப்பது. பிறகு வாட்ஸ்அப் குரல் செய்தி. அமைப்புகளில் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள், வேகத்தை முதலில் குறைத்து வையுங்கள். ஆறு மாதத்தில் அவரே கூட்டிவிடுவார், உங்களுக்குத்தான் புரியாது. தெருவில் கேட்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்போன்.

காய்கறிப் பையில் இருக்கும் பாக்கெட் எது என்று அறிய கூகுளின் லுக்அவுட், மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ போன்ற செயலிகள் உண்டு. பி மை ஐஸ் என்பதில் தன்னார்வலர் வீடியோ வழியாகப் பார்த்துச் சொல்வார். வங்கித் தாள், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அங்கே காட்டாமல் இருப்பது நல்லது. கணினி வேலைக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். புத்தகத்துக்கு சுகம்ய புஸ்தகாலயா, 2016-ல் தொடங்கிய இணைய நூலகம்.

வீட்டில் யாருக்கும் கற்றுத்தர நேரமில்லை என்றால் இந்த ஊரில் இடங்கள் உண்டு. மித்ரா ஜோதி 1990-ல் மது சிங்கல் தொடங்கியது, அவரே பார்வையற்றவர். பேசும் நூல்கள், பிரெயில், கணினி, அன்றாட வாழ்க்கைப் பயிற்சி எல்லாம் அங்கே. எனேபிள் இந்தியா 1999-ல் சாந்தி ராகவன் தொடங்கியது. தம்பி பார்வை இழந்தபோது குடும்பமே அவரைப் பழக்கிய அனுபவத்திலிருந்து பிறந்தது. வேலைவாய்ப்பு அவர்களுக்குப் பலம். 1997-ல் தொடங்கிய சமர்த்தனமும் படிப்பு, வேலை இரண்டுக்கும் உதவுகிறது. பயிற்சி எந்த மொழியில் என்று முன்பே கேட்டுவிடுங்கள். அத்தை போலத் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு முதல் சில நாள் நீங்கள் கூட இருக்க வேண்டியிருக்கலாம்.

இல்லாத உருவங்கள் தெரிந்தால்

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு மாலை, சுவரோரம் பட்டுப்பாவாடை கட்டிய சிறுமிகள் வரிசையாக நிற்பதாக அத்தை சொன்னார். மூன்று மாதமாகத் தெரிகிறதாம். பைத்தியம் என்று நினைத்துவிடுவோமோ என்று மறைத்திருக்கிறார். உறவில் ஒருவர் மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்றார்.

இதற்குப் பெயர் சார்ல்ஸ் போனே நோய்க்குறி. பார்வை குறையும்போது, கண்ணிலிருந்து படம் வராத மூளை தானாகவே படம் வரைந்துகொள்கிறது. பூக்கோலம், முகங்கள், சிறு மனிதர்கள், கட்டடங்கள் எல்லாம் தெரியும், ஆனால் சத்தம் வராது. 1760-ல் சுவிட்சர்லாந்தின் சார்ல்ஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதி வைத்தார். இது மனநோய் அல்ல. கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். தெரியும்போது விளக்கைப் போடுவது, கண்ணை வேகமாக இமைப்பது, பார்வையை இடமும் வலமும் திருப்புவது, எழுந்து நடப்பது என்று ஏதாவது ஒன்று கலைத்துவிடும். குரல்களும் கேட்டாலோ, குழப்பமும் சேர்ந்தாலோ அது வேறு விஷயம், தாமதிக்காமல் காட்ட வேண்டும். பெயர் தெரிந்ததும் அத்தை அழுதார். இப்போது, "பொண்ணுங்க வந்திருக்காங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறார்.

காகிதங்கள்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழே (மற்றவர் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரில்கூடக் காண முடியாத அளவு) இருந்தால், அல்லது பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குள் சுருங்கியிருந்தால், அது பார்வையின்மை. அதாவது பேப்பர் தலைப்பு படிக்கும் அத்தையும் சட்டப்படி பார்வையற்றவர்தான். எதிர்வீட்டு அம்மாவுக்கு இதைத்தான் விளக்கினேன். எனவே சான்றிதழுக்குப் போகும்போது, பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் அறிக்கையை மறக்காமல் எடுத்துப் போங்கள், எழுத்துப் பலகைச் சோதனை மட்டும் போதாது.

மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் சான்றிதழும் அட்டையும் அதன் வழியாகவே வரும். சலுகைகள் பலவற்றுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். வருமான வரியின் பழைய முறையில் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. முழுப் பார்வையின்மைக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி வகுப்புகளில் 75 சதவீதச் சலுகை, துணைக்கு வரும் ஒருவருக்கும் உண்டு. கொஞ்சம் பார்வை மீதமிருப்பவருக்கு அது சான்றிதழின் வாசகத்தைப் பொறுத்தது. படிக்கும் பிள்ளை என்றால் தேர்வில் எழுத ஆளும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் கேட்கலாம். மத்திய அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும்.

வெளியே

வெள்ளைக் கோலை நிறுத்தி வைத்தால் மார்பெலும்பின் கீழ்முனை வரை வர வேண்டும் என்பது பொதுவான அளவு. வேகமாக நடப்பவருக்கு இன்னும் கொஞ்சம் நீளம். தோளைவிடச் சற்று அகலமாக இடவலமாக வீச வேண்டும். இடது கால் முன்னே போகும்போது கோல் வலப்பக்கம் தொடும், வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்து கால் விழப் போகும் இடத்தைக் கோல் முன்பே பார்த்துவிடுகிறது. இதைப் பயிற்சியாளரிடம்தான் கற்க வேண்டும். வீட்டில் நாமே சொல்லிக்கொடுத்துத் தவறாகப் பழகினால் மாற்றுவது கஷ்டம்.

பெங்களூர் நடைபாதை எப்படி என்று உங்களுக்கே தெரியும். சாக்கடை மேல் கல் பலகை, நடுவே ஒன்று காணாமல் போயிருக்கும். கோல் இதைக் கண்டுபிடிக்கும். தலை உயரத்தில் தொங்கும் கேபிளையும், நிறுத்திய டெம்போவின் பின்கதவையும் கண்டுபிடிக்காது. அதற்காகத்தான் டெல்லி ஐஐடியில் ஸ்மார்ட்கேன் உருவாக்கினார்கள். கோலில் பொருத்தும் அந்தக் கருவி ஒலி அலையால் முழங்காலுக்கு மேலே இருக்கும் தடையை உணர்ந்து கைப்பிடியில் அதிரும். முன்விளிம்பு வைத்த தொப்பியும் ஓரளவு காக்கும்.

ஒரு வழியை மட்டும் தேர்ந்தெடுங்கள். நாங்கள் எடுத்தது வீட்டிலிருந்து சோமேஸ்வரர் கோயில். முதல் வாரம் நான் கையைக் கொடுத்து, வழியெல்லாம் அடையாளம் சொன்னேன்: பேக்கரியின் பன் வாசனை, டைலர் மெஷின் சத்தம், செருப்புக்கடித் தோல் வாசனை, பூக்கடை ஈரம். இரண்டாம் வாரம் அவர் சொல்ல, நான் கேட்டேன். மூன்றாம் வாரம் பக்கத்தில் பேசாமல் நடந்தேன். நான்காம் வாரம் பத்தடி பின்னால். அந்தப் பத்தடியில் அவர் ஒருமுறை வழி தவறி, நின்று, டைலர் சத்தத்தைத் தேடித் தானே திரும்பினார். கூப்பிட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சாலையைக் கடக்க மட்டும் உதவி கேட்பது என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

ஆட்டோவுக்கு நம்ம யாத்ரி செயலியில் பயணியின் குறைபாட்டைப் பதிந்து வைக்கலாம், டிரைவருக்கு முன்பே தெரிந்துவிடும். பஸ்ஸில் எண் கேட்பதை வெட்கமில்லாமல் பழக வேண்டும், ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மெட்ரோ எளிது. தரையில் புடைத்த கோடுகள் வழி காட்டும், புடைத்த புள்ளிகள் வந்தால் நிற்க வேண்டும். வாசலில் ஊழியரிடம் சொன்னால் உதவி கிடைக்கும். அறிவிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். இங்கே தமிழ்க் காதுக்கு ஒரு பொறி இருக்கிறது. "முந்தின நில்தாண" என்றால் கன்னடத்தில் அடுத்த நிலையம். நமக்கோ முந்தின என்றால் கடந்துபோனது. அத்தை முதல் பயணத்தில் இதனால்தான் குழம்பினார். எடக்கே என்றால் இடப்பக்கம், பலக்கே என்றால் வலப்பக்கம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லும்போது வரும். இந்த மூன்று சொல்லையும் வீட்டிலேயே மனப்பாடம் செய்தோம். அல்சூரில் ஏறினால் டிரினிட்டி, அடுத்தது எம்.ஜி. ரோடு என்று விரல் விட்டு எண்ணுவார்.

இப்போது எம்.ஜி. ரோடு வரை போய்த் திரும்புகிறார். போகும்போது நான் அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்கிறேன், அவருக்கும் அது தெரியும். அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.